மஞ்சள் மரத்தடியில் ஒரு கதிரை

பாரிஸ் லா சப்பலில் அந்த அக்காவைத் தெரியாத தமிழ்ச்சனம் குறைவு. அவ ஒரு கதிரையில் குந்தி இருந்து கண்ட சனம் அதிலும் குறைவு. சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் நின்று ரோல்ஸ் சுற்றுவா, நின்று இடியப்பம் பிழிவா, நின்றபடியே தேத்தண்ணியும் குடிப்பா. அது வேலை, சரி. வேலை முடிந்து வெளியில் வந்தாலும் அதே கோலம்தான். வீடு லா கூர்னெவில். கார் து நோர் ஸ்டேசனில் ரயில் ஏறினால் இறங்கும்வரை கதவோரக் கம்பியைப் பிடித்தபடி நிற்பா. பெட்டி காலியாகக் கிடந்தாலும் அதே கம்பி, அதே நிலை.

நான் கடைகளுக்கு மரக்கறி இறக்குகிற வான் ஓட்டுகிறவன். அந்தக் கடைக்கும் காலையில் வெண்டிக்காயும் வெங்காயமும் இறக்குவேன். அப்படித்தான் பழக்கம். ஒருநாள் வான் பழுதாகி நானும் அவவோடு ரயிலில் போகவேண்டி வந்தது. இவ்வளவு இடம் கிடக்கிறதே, இருங்கோவன் அக்கா என்று கேட்டேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"தம்பி, இருந்தவள் எழும்பவேணும். நிண்டவளுக்கு நடந்தால் காணும்."

எனக்குப் பள்ளிக்கூடம் வேளைக்கே முடிந்துவிட்டது. பிறகு படித்ததெல்லாம் சனத்தின் வாயைப் பார்த்துப் படித்ததுதான். நல்ல ஒரு சொல் காதில் விழுந்தால் அன்று முழுக்க அதை வாயில் போட்டு மென்றுகொண்டு திரிவேன். இந்தச் சொல்லை அன்று பொபினியில் என் வீடுவரை மென்றேன். பகிடியா, கோபமா, ஏதும் நேர்த்திக்கடனா என்று பிடிபடவில்லை.

அவவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேளாமல் ஆர் என்னை இருத்திவைச்சு எழுதினது" என்று கேட்பா.

எங்களுக்கு மூத்தவன் பிறந்த நேரம், பிள்ளைப்பெத்தவளுக்கென்று காயச்சரக்குப் போட்ட கறியும் சோறும் சில்வர் வாளியில் கொண்டு அவ எங்கள் வீட்டுக்கு வந்தா. நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்கக் கதவடியில் நின்று, வாளியை என் மனிசியின் கையில் கொடுத்து, பிள்ளையைத் தூக்கி நெற்றியை மோந்து பார்த்தா. மனிசி கதிரையை இழுத்துப் போட்டாள். சால்வையால் துடைத்தும் விட்டாள். அக்கா அந்தக் கதிரையின் முதுகில் கை ஊன்றிக்கொண்டு நின்று, பால் எப்படி ஊறுது, நித்திரை வருகுதா என்று எல்லாம் விசாரித்து, நின்றபடியே போய்விட்டா. அவ இறங்கின பிறகு மனிசிக்கு முகம் சுருங்கிப்போச்சு.

"எங்கடை வீட்டுக் கதிரை முள்ளோ? வந்த ஆள் இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காமல் போனால் என்ன அர்த்தம்?"

அர்த்தம் எங்கள் சனத்துக்குத் தெரிந்ததுதான். சம்பந்தம் பேசப் போன வீட்டில் பிடிக்கவில்லை என்றால் இருக்கமாட்டோம், கை நனைக்கமாட்டோம். கோபக்கார வீட்டுச் செத்தவீட்டுக்குப் போனாலும் முற்றத்தில் நின்று தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம். இருந்து சாப்பிட்டால் அந்த வீட்டோடு ஒட்டு. நின்று வந்தால் ஒட்டில்லை. அக்காவோ ஊர் முழுக்க ஓடி ஓடிக் கொடுப்பா, ஆனால் ஒருத்தர் வீட்டிலும் ஒட்டமாட்டா. கொடுக்கிற கையையும் இருக்காத காலையும் ஒன்றாகச் சேர்த்து விளங்கிக்கொள்ள எங்களால் முடியவில்லை.

ஒருமுறை கடை முதலாளியான அண்ணைக்குப் பொபினியில் ஒரு அரசாங்கக் கந்தோர் அலுவல். அவருக்குப் பிரெஞ்சு வாயில் வரும், கந்தோர் வாசலில் போய்விடும். துணைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே இருந்த மதாம் மரியாதையாக இரண்டு கதிரையைக் காட்டினாவாம். அண்ணை இருந்துவிட்டார். அக்கா நின்றா. மதாம் திரும்பவும் காட்டினா. அக்கா "மெர்சி, மெர்சி" என்றுவிட்டு நின்றா. நிற்கிற ஆளோடு இருந்து கதைக்க அந்த மனுசிக்கு மனம் வரவில்லையோ என்னவோ, அவவும் எழும்பிவிட்டா. ரெண்டு பேரும் எழும்பி நிற்க அண்ணைக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவரும் எழும்பிவிட்டார். மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று அலுவலை முடித்தார்களாம். கடையில் வைத்து இதை அண்ணை நடித்துக் காட்டாத நாள் இல்லை. "சபையிலை தேவாரம் பாடின மாதிரி நிண்டம்" என்று முடிப்பார். அக்கா பின்பக்கத்தில் இருந்து குரல் கொடுப்பா: "நிண்டபடியால்தான், முதலாளி, கெதியா முடிஞ்சது. இருந்திருந்தால் நீர் உம்மடை கதை முழுக்கச் சொல்லியிருப்பீர்."

காரணத்தை அவவே சொன்னது என் மனிசிக்குத்தான். ஒரு பின்னேரம் ரோல்ஸ் சுற்ற ஆள் போதாமல் மனிசி உதவிக்குப் போயிருந்தாள். மாவில் கையை வைத்துக்கொண்டு, கேட்காமலேயே அக்கா சொன்னாவாம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இங்கே பாரிஸ் ஸ்டாலின்கிராட் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருந்திருக்கிறா. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு சோபா. மனிசன் வேளைக்கே போய்ச்சேர்ந்துவிட்டார், கையில் பச்சைக்குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறபோது வீட்டுக்காரி வந்து, "எழும்பு, ஆக்கள் வருகினம்" என்றாவாம். அவ்வளவுதான் கதை. அடியில்லை, பேச்சில்லை.

"அவ பிழையாச் சொல்லேல்லைப் பிள்ளை. வீடு அவவின்ரை, சோபாவும் அவவின்ரை. ஆனால் என்ரை மடியிலை பிள்ளை கிடந்தது. அண்டைக்கு நினைச்சன், எழும்பு எண்டு சொல்ல இனி ஒருத்தருக்கும் இடம் குடுக்கிறேல்லை எண்டு."

மனிசி அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கதிரையை இன்னொருதரம் துடைத்துவைத்தாள்.

அந்த மடியில் கிடந்த பிள்ளை வளர்ந்து தாதியாகிவிட்டாள். தாய் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள், இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். தாயும் மகளும் தனிய இருக்கிற வீட்டில் மட்டும் அக்கா இருப்பாவாம். கட்டிலோரத்தில் இருந்து, வெந்நீர்ச் சட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு, மகளோடு டிவி பார்ப்பாவாம். அக்கா இருந்து கண்ட ஒரே ஒருத்தி அந்தப் பிள்ளைதான்.

பிறகு பிள்ளை வேலைக்கென்று அல்ப்ஸ் மலைப்பக்கம் போனாள். அங்கே லூக் என்று ஒரு வெள்ளைக்காரப் பெடியனோடு வாழத் தொடங்கினாள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு இடத்தில் வேலை, மற்ற நேரம் மலைப்பாதைகளைச் செப்பனிடுகிற வேலை அவனுக்கு. ஒருநாள் அவனை லா கூர்னெவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா விடிய எழும்பி இறால், கணவாய், நண்டு எல்லாம் சமைத்து மேசை நிறைய வைத்தா. அவனை இருக்கவைத்து, தட்டு காலியாக ஆக அள்ளி அள்ளிப் போட்டா. ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவன் போகும்வரை சுவரோடு சாய்ந்து நின்றா. "அம்மா இருங்கோ" என்று மகள் மூன்று நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். அந்த மேசையில் ஒரு கதிரை கடைசிவரைக்கும் காலியாகவே இருந்தது. அவனுக்கு அது விளங்கியிருக்காது. அவளுக்கு நன்றாக விளங்கியது. அவனைத் தாய் பிறத்தியாராக வைத்துவிட்டா.

"என்ரை பிள்ளை பிரெஞ்சிலை கத்தினால் அது கோபம், ஆறிப்போகும்" என்று அக்கா சொல்லுவா. "தமிழிலை ஆறுதலாச் சொன்னால் அது முடிவு." அன்றைக்கு அவள் தமிழில்தான் சொன்னாள். நீங்கள் எங்களோடை இருந்து சாப்பிடுகிற நாளில்தான் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தாயும் விடவில்லை, மகளும் விடவில்லை. ரெண்டு வருசமாக நடுவில் போன் மட்டும்தான் ஓடியது. அதிலும் பேச்சு இல்லை, படம்.

ஒரு ஒக்தோபர் மாதம் வந்த படத்தைத்தான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மலைச்சரிவில் ஒரு மரம், வேரில் இருந்து நுனிவரை மஞ்சள். தங்கத்தை உருக்கி ஊற்றின மாதிரி. அக்கா கடைக்கு வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் அதைக் காட்டினா. "இந்த மரத்தைப் பாருங்கோவன்." நாங்கள் மரத்தைப் பார்த்தோம். என் மனிசிதான் ஒருநாள் சொன்னாள், படத்தின் ஓரத்தில் ஒரு நீலச்சட்டையின் கை தெரிகிறது, அக்கா காட்டுகிறபோதெல்லாம் அவவின் பெருவிரல் அந்தக் கையைத் தடவுகிறது என்று. அதற்குப் பிறகு எங்களுக்கும் மரம் தெரியவில்லை.

கடைக்குத் தினமும் தேத்தண்ணி குடிக்க வருகிற புதுச்சேரி ஐயா ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற மனிதர். பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து காடு மலையெல்லாம் நடக்கிறவர். படத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுக்குப் பேரு மெலேஸ், அம்மா. அந்த மலையில மத்த ஊசியிலை மரமெல்லாம் வருஷம் பூரா பச்சையா நிக்கும். இது மட்டும் குளிருக்கு முன்னாடி மஞ்சளாகி மொத்தமா கொட்டிடும். ரெண்டு வாரம் தான் இந்தக் கலர். பாக்கணும்னா இப்பவே கிளம்பணும்."

கூட்டமாகப் போவோம், வான் எடுத்தால் போய்விடலாம் என்று அவரே தொடங்கினார். மரம் பார்க்க ஒரு நாள் முழுக்க ஓடுகிறதா, இங்கே பார்க்குக்குள் மரம் இல்லையா என்று அண்ணை இழுத்தார். பின்பக்கத்தில் இடியப்பம் பிழிந்த கை நின்றது.

"நானும் வாறன்" என்றா அக்கா. "மரம் பார்க்கத்தான்."

ஓம், ஓம், மரம் பார்க்கத்தான் என்று நாங்கள் எல்லாரும் ஒரே வாயில் சொன்னோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. மகள் வாழ்கிறது அந்தப் பள்ளத்தாக்கில்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணைகூட அதற்குப் பிறகு பார்க் கதை எடுக்கவில்லை. விடுமுறைக் காலம்தானே என்று சொல்லிக் கடையை மூன்று நாள் பூட்டினார். எந்த இடத்துக்குப் போகிறது என்ற கதை வந்தபோது, அக்கா போனை ஐயாவிடம் நீட்டினா. மகளுக்கு ஒரு குரல்செய்தி போட்டிருக்கிறா: "அந்த மரம் எங்கை நிக்குது?" அவ்வளவும்தான். பதிலுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் வந்திருந்தது.

மகள் அங்கே வருவாளா இல்லையா என்று அக்காவுக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

வான் எடுத்த காலை பெரிய பகிடி. அக்கா வானுக்குள்ளும் நிற்பாவோ, கூரையில் ஓட்டை போடுவமோ என்று அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஏறி என் பின்னால் இருந்த ஆசனத்தில் இருந்தா. கண்ணாடிக்குள்ளால் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "என்ன பார்க்கிறியள்? இது இருக்கிறது இல்லை, போறது. தம்பி, எடும் வானை" என்றா. மடியில் ஒரு பை. ரோல்ஸ் எல்லாம் பின்னால் பெட்டியில் இருந்தது. இந்தப் பை மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை. உள்ளே ஒரு சில்வர் அடுக்குப்பெட்டி. அண்ணை ஒருதரம் கை வைத்தார், புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது.

அண்ணை கொண்டுவந்த காஸ் அடுப்பையும் ஆட்டிறைச்சியையும் ஐயா தங்குமிடத்திலேயே இறக்கிவைக்கச் சொல்லிவிட்டார். அந்தக் காட்டில் நெருப்பு மூட்டக்கூடாதாம். அண்ணைக்கு அது பெரிய கவலை. மலைக்கு வந்து கறி காய்ச்சாமல் போன முதல் தமிழர் நாங்கள்தான் என்று மறுநாள் காலை நடக்கத் தொடங்கும்போதும் சொல்லிக்கொண்டு வந்தார்.

புல்லெல்லாம் உறைபனி. வாயைத் திறந்தால் புகை. ஆற்றைக் கடந்து பாதை திரும்பினதும், வெயில் எதிர்ச்சரிவில் இறங்கியது. நான் நின்றுவிட்டேன். மலை பற்றி எரிகிறது, ஆனால் புகையில்லை. அடிவாரத்தில் இருந்து பாறைவரைக்கும் மஞ்சள், அதற்கு மேல் வெள்ளைப் பனி, அதற்கு மேல் கடும் நீலம். காற்று ஒருக்கால் அசைந்தது. ஊசி ஊசியாக மஞ்சள் கொட்டி எங்கள் தொப்பியிலும் தோளிலும் ஒட்டியது. அண்ணை ஒரு கொப்பைப் பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது சவுக்கெல்லோ" என்றார். "மஞ்சட்காமாலை பிடிச்ச சவுக்கு."

ஐயா தலையில் கை வைத்தார். அக்கா சிரித்தா. அந்தப் பயணத்தில் அவ சிரித்த முதல் சிரிப்பு அது.

பாதை ஏறத் தொடங்கியதும் அண்ணை கண்ட கல்லில் எல்லாம் இருந்தார். அக்கா காலில் பார்பெஸ் சந்தையில் வாங்கின வெள்ளைச் சப்பாத்தும், ரெண்டு ஸ்வெட்டரும், தலையில் குசினிச் சால்வையுமாக, ஒரு தடியை ஊன்றியபடி பக்கத்தில் நின்று மூச்சு விடுவா. "மலை ஓடிப்போகாது முதலாளி. நீர்தான் இருந்து இருந்து அதைத் தூரமாக்கிறீர்."

அவ முழங்கால் விசயம் எங்களுக்குத் தெரியும். வைத்தியர் மாற்றவேணும் என்று சொல்லிக் கனகாலம். பாதி வழியில் அது பிடித்துக்கொண்டது. ஒரு கல்லில் காலை வைத்தவ, அப்படியே நின்றா. முகம் வெளிறிப்போச்சு. மனிசி ஓடிப்போய் கையைப் பிடித்தாள். பக்கத்தில் நல்ல தட்டையான பாறை ஒன்று இருந்தது. கொஞ்சம் இருங்கோ அக்கா என்று கெஞ்சிப் பார்த்தாள். ஐயா போனைப் பார்த்துவிட்டு, புள்ளி இன்னும் மேலதான் இருக்குதும்மா, இறங்கிடலாம், மரம்தான் இங்கேயே பாத்தாச்சே என்றார்.

உண்மைதான். மரம் எங்களைச் சுற்றி எல்லா இடமும் நின்றது. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே அழகு. மரம் பார்க்க வந்த ஆள் என்றால் அங்கேயே திரும்பியிருக்கலாம்.

அக்கா தலைச்சால்வையை அவிழ்த்து முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினா.

"இஞ்சை இருந்தனெண்டால் எழும்பமாட்டன் பிள்ளை. நடக்கவிடுங்கோ."

நடந்தா. ஐயா முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு அடிக்கும் தடி ஒருதரம் ஊன்றப்படும், மூச்சு ஒருதரம் அடைக்கும். மேலே ஒருவரும் இல்லாவிட்டால் இந்த மனுசியை எப்படிக் கீழே இறக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டு ஏறினேன். காலைச் சொல்லவில்லை. காலுக்கு ஆள் பிடித்துத் தூக்கலாம், மனதை எப்படித் தூக்குகிறது.

காடு விலகி ஒரு வெளி வந்தது. நடுவில் அந்த மரம். படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. மரத்தடியில் ஒரு பச்சைத்துணி மடக்குக் கதிரை விரித்துக் கிடந்தது. அதன் ஒரு பக்கம் நீலச்சட்டையோடு மகள், மற்றப் பக்கம் தாடிவைத்த நெட்டைப் பெடியன். ரெண்டு பேரும் நின்றார்கள். கதிரையின் துணியில் மஞ்சள் ஊசிகள் ஒரு படலமாகக் கொட்டிக் கிடந்தன. வந்து கனநேரம் காத்திருக்கிறார்கள், ஆனால் அதில் ஒருத்தரும் இருக்கவில்லை.

லூக் கையைக் கூப்பி "வணக்கம்" என்றான். அக்காவும் வணக்கம் சொன்னா. மகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தா. வந்த வேலையை முதலில் முடிக்கிற மாதிரி, நுனிவரை பார்த்தா.

"நல்ல மரம்" என்றா. பிறகு கதிரையைக் காட்டி, "இதை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது?" என்று கேட்டா.

"அவர்தான்" என்றாள் மகள். தமிழில்தான் சொன்னாள். தமிழென்றால் முடிவாச்சே என்று நான் பயந்தேன்.

"கீழை இருந்தோ?"

"வீட்டிலை இருந்து."

"ஆருக்கு?"

"உங்களுக்கு. நீங்கள் இருந்தாலும் சரி, இருக்காட்டிலும் சரி, அம்மா. நாங்களும் உங்களோடை நிண்டு சாப்பிடுறம்."

காற்று இன்னொருக்கால் அசைந்தது. அண்ணை தன் கம்பளித்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அக்கா கதிரைக்குக் கிட்டப் போனா. முழங்காலில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து அந்த மஞ்சள் ஊசிகளைத் தட்டிவிட்டா. விருந்தாளிக்குக் கதிரை துடைக்கிற மாதிரி துடைத்தா. துடைத்துவிட்டு லூக்கைப் பார்த்து, தன் பிரெஞ்சில், "நீ இரு" என்றா. அவன் திடுக்கிட்டு, இல்லை இல்லை, உங்களுக்குத்தான் என்று பின்னால் போனான். இவ்வளவு தூரம் சுமந்தவன் நீயல்லவா என்றா அவ. அவன் அசையவில்லை. கை ரெண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றான். அப்போதுதான் கண்டேன், கதிரைவார் அழுத்தின இடத்தில் அவன் சட்டைத்தோள் கசங்கிக் கிடந்தது. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு தடியை மரத்தில் சாய்த்துவைத்தா. பையை மடியில் பிடித்தபடி, மெல்ல மெல்ல இறங்கி, அந்தக் கதிரையில் இருந்தா.

என் மனிசி என் கையை நுள்ளினாள். மகள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்கா அடுக்குப்பெட்டியைத் திறந்தா. மேல் தட்டில் புட்டு, கீழ்த் தட்டில் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மகள் சின்னவயதில் கேட்டு அழுகிறது. முதல் உருண்டையைப் பிசைந்து லூக்கின் கையில் வைத்தா, ரெண்டாவதை மகளின் கையில். அவன் தான் கொண்டுவந்த பூசணிச்சூப்பைக் குடுவையின் மூடியில் ஊற்றி நீட்டினான். அக்கா ரெண்டு கையாலும் வாங்கி, ஊதிக் குடித்தா. ஒருத்தர் கையால் வாங்கி, இருந்து, குடித்தா. உப்புக் காணாது என்றா. மகள் அதை அவனுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு எல்லாருக்கும் பசி வந்துவிட்டது. நாங்கள் ரோல்ஸ் பெட்டியைத் திறந்துகொண்டு மஞ்சள் மெத்தையில் குந்தினோம். இறைச்சிக்கறி இல்லாத குறையை அண்ணை இன்னொருக்கால் சொன்னார்.

வெயில் சரிய ஐயா புறப்படவேணும் என்றார். எல்லாரும் எழும்பினோம். அக்கா எழும்பவில்லை. எழும்ப ஏலவில்லை. அந்தக் கதிரை நிலத்தோடு பதிந்த கதிரை, முழங்கால் குளிரில் விறைத்துப்போய்விட்டது. கைப்பிடியில் கையை ஊன்றிப் பார்த்தா, துணி வழுக்கியது. எனக்கு அவவின் பழைய சொல் ஞாபகம் வந்தது. இருந்தவள் எழும்பவேணும். அண்ணை உதவிக்கு ஓடப் பார்த்தார். மனிசி அவரின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அக்கா எங்களை ஒருதரம் சுற்றிப் பார்த்தா. பிறகு ரெண்டு கையையும் நீட்டினா, ஒன்றை மகளுக்கு, மற்றதை அவனுக்கு.

"என்னை எழுப்பிவிடுங்கோ" என்றா.

இறங்கி வருகிறபோது லூக் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நடுவில் அக்கா. கதிரை என் முதுகில். அண்ணைக்கு வாய் சும்மா இருக்குமா, எப்படி அக்கா கதிரை என்று பின்னால் இருந்து கேட்டார். அவ திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "எழுப்பிவிட ஆள் இருந்தால் இருக்கலாம், முதலாளி."

அந்தச் சொல்லைப் பாரிஸ்வரை மென்றுகொண்டு வான் ஓட்டினேன்.

அந்தக் குளிர்காலம் அவவுக்கு முழங்கால் மாற்றினார்கள், மகள் வேலை செய்கிற பக்கத்து ஆஸ்பத்திரியில். ஒரு மாதம் நின்றுவிட்டு வாறன் என்று சொல்லிப் போனவ, திரும்பி வரவில்லை. கடையில் அவவின் மேலங்கி கொளுவியில் கனநாள் தொங்கியது. இப்போது பின்பக்கத்தில் வேலை செய்கிற பிள்ளைக்கு அண்ணை ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார், கேட்காமலேயே.

போன ஒக்தோபரில் என் மனிசியின் போனுக்கு அக்கா அனுப்பின ஒரு படம் வந்தது. அதே மரம், அதே மஞ்சள். கடையில் வைத்துச் சுற்றிக் காட்டினோம். இந்தமுறை ஓரத்தில் நீலக்கை இல்லை. ஆனால் ஏதோ ஒரு வித்தியாசம் இருந்தது. மரம் முந்தியதைவிட உயரமாகத் தெரிந்தது, புல் கண்ணுக்குக் கிட்ட வந்திருந்தது. அண்ணை போனை வாங்கி மூக்கடியில் பிடித்து, விரலால் பெரிதாக்கி, கீழே கீழே இழுத்துக்கொண்டு போனார்.

படத்தின் அடிவிளிம்பில் பச்சைக் கதிரைத்துணியின் ஒரு ஓரமும், கம்பளிக் காலுறை போட்டு நீட்டின ரெண்டு காலும் தெரிந்தன.